ஆங்கிலத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது எப்படி: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்னைக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ புதிதாக வருபவர்களில் பலருக்கு ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்வதில் சிரமம் இருப்பதில்லை. பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். ஆனால் பல் மருத்துவரிடம் நேரம் கேட்க வேண்டும், நேர்காணல் நாளை மாற்றச் சொல்ல வேண்டும் என்று வரும்போது போனை அறைத்தோழரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில், ஆங்கிலத்தில் பேச வேண்டிய பேச்சுகளில் மிகச் சுலபமானது இதுதான். பேச்சு எந்த வழியில் போகும் என்பது முன்கூட்டியே தெரியும், மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளாது, இருபது முப்பது வாக்கியங்கள் கைவசம் இருந்தால் போதும். கிழமை, தேதி, நேரம், இடம் ஆகிய நான்கும் இரண்டு தரப்பிலும் ஒன்றுபோல் பதிவாகிவிட்டால் அழைப்பு வெற்றி. இலக்கணம் சற்று முன்னே பின்னே இருந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

சென்னையில் பெரும்பாலான வரவேற்பு மேசைகளில் தமிழ் தெரிந்தவர்களே இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எதிர்முனையில் ஆங்கிலத்தில் தொடங்கினார்கள் என்பதற்காக நாமும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "குட் வீ ஸ்பீக் இன் தமிழ், ப்ளீஸ்?" என்று கேட்பதில் எந்தக் குறைவும் கிடையாது. ஆங்கிலம் தேவைப்படுவது வெளிமாநிலத்தில் அமர்ந்து பேசும் மனிதவளத் துறையினர், கால் சென்டர் வழியாக முன்பதிவு செய்யும் பெரிய மருத்துவமனைகள், ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களிலிருந்து பேச வேண்டிய வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆகியோரிடம்தான்.

போன் செய்வதற்கு முன்

ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வசதியான இரண்டு நேரங்கள், எதற்காகச் சந்திக்கிறீர்கள் என்பதற்கு ஒரு வரி, உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கோர்வை. முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றும். மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கயல்விழி, எழிலரசன், தமிழ்ச்செல்வி போன்ற பெயர்களில் வரும் 'ழ'வை இசட், ஹெச் என்று இரண்டு எழுத்துகளால் எழுதுவது தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காதில் விழுந்தபடி 'எல்' போட்டுவிடுவார்கள். பிறகு ஆதார் அட்டையில் ஒரு பெயரும் மருத்துவமனைக் கோப்பில் இன்னொரு பெயருமாக நிற்கும். ஆகவே அவர்கள் கேட்கும் முன்பே, "லெட் மீ ஸ்பெல் தட் ஃபார் யூ" என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள். பி, டி, வி போன்று ஒலியில் நெருங்கி வரும் எழுத்துகளுக்கு "பி ஃபார் பால், டி ஃபார் டைகர், வி ஃபார் வேன்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கரிடம் 'இசட்' என்றால் விழிப்பார்; அவர்களுக்கு அது 'ஸீ'.

இனிஷியலும் இப்படித்தான். "வாட்ஸ் யுவர் லாஸ்ட் நேம்?" என்ற கேள்விக்கு இனிஷியலைச் சொன்னால் பல இடங்களில் கணினி ஏற்றுக்கொள்ளாது. பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் விரிவாக இருக்கிறதோ, பெரும்பாலும் அப்பாவின் பெயராக இருக்கும், அதையே எல்லா இடத்திலும் சொல்வது பின்னால் வரும் தொல்லைகளைக் குறைக்கும்.

முதல் இரண்டு வாக்கியங்கள்

போனில் நம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது "ஐ ஆம் செந்தில்" என்பதைவிட "திஸ் இஸ் செந்தில்" என்பதே வழக்கு. அதன்பின் நேராக விஷயத்துக்கு வரலாம்.

"ஐ வுட் லைக் டு மேக் அன் அப்பாயின்ட்மென்ட் வித் தி ஸ்கின் டாக்டர், ப்ளீஸ்."

"ஐ ஆம் காலிங் அபவுட் தி இன்டர்வியூ ஆன் மண்டே."

"ஐ வான்ட் அப்பாயின்ட்மென்ட்" என்பதும் புரியும், ஆனால் அதில் அதட்டல் தொனிக்கும். தமிழில் 'சொல்லுங்க', 'பாருங்க' என்று வினைச்சொல்லின் கடைசியில் நாம் வைக்கும் மரியாதையை ஆங்கிலத்தில் 'வுட்', 'குட்' என்ற துணைவினைகளே சுமக்கின்றன. அதனால் எந்தக் கோரிக்கையையும் "குட் யூ" என்று தொடங்கும் கேள்வியாக்கிவிடுவது பாதுகாப்பானது: "குட் யூ செக் இஃப் ஷி இஸ் ஃப்ரீ ஆன் தர்ஸ்டே?" தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், 'குட் மார்னிங்' என்பதில் வரும் 'கு'வை 'குரு' என்பதைப் போலவும், 'குட் யூ' என்பதில் வரும் 'கு'வை 'குடை' என்பதைப் போலவும் உச்சரிக்க வேண்டும்.

இன்னொருவருக்காகப் பேசுகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இட்ஸ் ஃபார் மை மதர்." இல்லாவிட்டால் உங்கள் வயதும் உங்கள் பெயரும் பதிவாகிவிடும்.

நேரம் கேட்பதும் மறுப்பதும்

எப்போது கிடைத்தாலும் சரி என்ற நிலையில் இருந்தால் "வாட்ஸ் தி எர்லியஸ்ட் ஸ்லாட் யூ ஹேவ்?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட நாள்தான் வேண்டும் என்றால் "டூ யூ ஹேவ் எனிதிங் ஆன் சாட்டர்டே மார்னிங்?" என்பது போதும். அலுவலகச் சந்திப்புகளில் நேரத்தை நீங்கள் முன்மொழிய வேண்டியிருக்கும், அங்கே "வுட் டியூஸ்டே ஆஃப்டர்நூன் வொர்க் ஃபார் யூ?" என்ற அமைப்பை மனத்தில் நிறுத்திக்கொண்டு, நாளையும் பொழுதையும் மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

"எனி டைம் இஸ் ஓகே, சார்" என்று சொல்வது நம் ஊர்ப் பணிவு. கேட்பவருக்கு அது உதவியாக இருப்பதில்லை, ஏனென்றால் தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அதற்குப் பதில் இரண்டு நேரங்களைக் கொடுங்கள்: "ஐ கேன் டூ டியூஸ்டே ஆஃப்டர் ஃபோர், ஆர் வெட்னஸ்டே பிஃபோர் லெவன். விச் இஸ் பெட்டர் ஃபார் யூ?" நான்கு மின்னஞ்சல்களில் முடிய வேண்டியது இப்படிக் கேட்டால் ஒன்றில் முடிந்துவிடும்.

மறுப்பதற்கு "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று தொடங்குவார்கள். இதில் பயம் ஏதும் இல்லை. தமிழில் 'மன்னிக்கணும்' என்று இழுத்துச் சொல்வதற்கு நிகரானது. "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ காண்ட் மேக் இட் ஆன் டியூஸ்டே. வுட் வெட்னஸ்டே பி பாஸிபிள் இன்ஸ்டெட்?" மறுத்த கையோடு மாற்று நாளையும் சொல்லிவிட வேண்டும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. புது வேலையில் சேரும் நாளையோ வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் நேரத்தையோ வெள்ளிக்கிழமை காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரையிலான ராகுகாலத்திலிருந்து நகர்த்த நினைப்பவர் சென்னையில் ஏராளம்; அதை வெளிநாட்டவருக்கு விளக்கிக்கொண்டிருப்பதைவிட "வுட் இட் பி பாஸிபிள் டு மீட் ஆஃப்டர் ட்வெல்வ்?" என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கடிகாரம் ஏமாற்றும் இடங்கள்

சந்திப்புகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தமிழில் ஐந்தேமுக்கால் என்கிறோம். கடந்துபோன ஐந்தை வைத்துக்கொண்டு முக்காலைச் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அதே நேரம் 'க்வார்ட்டர் டு சிக்ஸ்', அதாவது ஆறுக்குக் கால் மணி முன்பு. அவசரத்தில் கேட்பவர் காதில் 'க்வார்ட்டர்', 'சிக்ஸ்' இரண்டும் விழுகின்றன, நடுவிலுள்ள 'டு' விழுவதில்லை, ஆறேகாலுக்குப் போய் நிற்கிறார். கேட்டுப் புரிந்துகொள்வதற்கு இந்த வழக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும்போது 'ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்' என்று எண்ணாகவே சொல்லிவிடுங்கள். பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் ஃபைவ்' என்றால் அது ஐந்தரை, நாலரை அல்ல.

சாயங்காலம் நாலு மணி என்பது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் நாலு மணி இன்னும் 'ஆஃப்டர்நூன்'தான். ஐந்து, ஆறு மணிக்கு மேல்தான் 'ஈவினிங்'. இரவு எட்டு மணிக்குச் சந்திக்கலாம் என்பதற்கும் 'எய்ட் இன் தி ஈவினிங்' என்பதே பொருத்தம். பொழுதின் பெயர் மணிக்குப் பின்னால் வர வேண்டும்; 'ஈவினிங் சிக்ஸ் ஓ க்ளாக்' என்பது நம் வாக்கிய வரிசையில் பேசிய ஆங்கிலம். நள்ளிரவா நண்பகலா என்ற குழப்பம் வரக்கூடிய பன்னிரண்டு மணிக்கு ஏ.எம்., பி.எம். சேர்க்காமல் 'ட்வெல்வ் நூன்' என்று சொல்லிவிடுங்கள்.

'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி'யும் அப்படியே. சந்தேகம் வந்தால் "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று இலக்கங்களாகப் பிரித்துக் கேளுங்கள். டியூஸ்டே, தர்ஸ்டே குழப்பத்துக்கு ஒரே மருந்து கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்வதுதான். ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். திங்கட்கிழமையன்று ஒருவர் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால், சிலருக்கு அது இந்த வாரத்து வெள்ளி, சிலருக்கு அடுத்த வாரத்து வெள்ளி. அங்கும் தேதிதான் காப்பாற்றும்.

ஐந்து மணிக்குள் வருவேன் என்பதை 'வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்' என்று சொல்வதை இங்கே அடிக்கடி கேட்கலாம். 'பை ஃபைவ்' என்பதே சரி. ஐந்து மணி வரை இருப்பேன் என்பதற்கு 'டில் ஃபைவ்'. கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மணிக்கு 'அட்', மாதத்துக்கு 'இன்'. இவை மாறிப்போனாலும் பெரிய சேதமில்லை.

திரும்பச் சொல்லி உறுதி செய்தல்

நேரம் கிடைத்ததும் 'ஓகே, தேங்க் யூ' என்று வைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒருமுறை நீங்களே திரும்பச் சொல்லுங்கள். ஒரு பல் மருத்துவமனையோடு நடக்கும் உரையாடலை எடுத்துக்கொள்வோம்.

"குட் மார்னிங். ஐ வுட் லைக் டு மேக் அன் அப்பாயின்ட்மென்ட் வித் தி டென்டிஸ்ட், ப்ளீஸ். இட்ஸ் ஃபார் மை மதர்."

"ஹேஸ் ஷி பீன் ஹியர் பிஃபோர்?"

"நோ, திஸ் இஸ் ஹெர் ஃபர்ஸ்ட் விசிட்."

"டாக்டர் இஸ் அவைலபிள் ஆன் டியூஸ்டே அட் ஃபைவ் ஃபிஃப்டீன்."

"சாரி, டிட் யூ சே ஃபிஃப்டீன் ஆர் ஃபிஃப்டி?"

"ஒன் ஃபைவ், மேம்."

"தேங்க் யூ. லெட் மீ ஜஸ்ட் கன்ஃபர்ம். டியூஸ்டே, தி ட்வெல்ஃப்த், அட் ஃபைவ் ஃபிஃப்டீன் இன் தி ஈவினிங், அட் யுவர் வேளச்சேரி பிராஞ்ச். இஸ் தட் ரைட்?"

"நோ மேம், ஆன் டியூஸ்டே டாக்டர் இஸ் அட் தி அடையார் பிராஞ்ச்."

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். கிளையின் பெயரை அதுவரை யாரும் சொல்லவே இல்லை. அழைத்தவர் வேளச்சேரி என்று நினைத்துக்கொண்டிருந்தார், வரவேற்பாளர் அடையாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். திரும்பச் சொன்னதால் தெரிந்தது. இங்கே கூச்சப்பட வேண்டியதில்லை. புரியாதபோது "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்றோ "குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?" என்றோ இரண்டு முறை, மூன்று முறை கேட்கலாம். புரியாமல் 'எஸ், எஸ்' என்று தலையாட்டுவதால் வரும் செலவு ஆட்டோ கட்டணத்தில் போய் முடியும்.

மருத்துவமனை என்றால் இன்னும் சில கேள்விகள் உண்டு. மாலை நேர கிளினிக்குகள் பலவற்றில் அப்பாயின்ட்மென்ட் என்று பெயர் இருக்கும், நடைமுறையில் டோக்கன் வரிசைதான் ஓடும். ஆகையால் "இஸ் இட் பை டைம் ஆர் பை டோக்கன்?" என்று கேட்டுவிடுவது நல்லது. ரத்தப் பரிசோதனைக்கு "டூ ஐ நீட் டு கம் ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்?"; பழைய பரிசோதனை அறிக்கைகளுக்கு "ஷுட் ஐ பிரிங் மை ஓல்ட் ரிப்போர்ட்ஸ்?", காத்திருக்கும்போது "ஹவ் மெனி பேஷன்ட்ஸ் ஆர் அஹெட் ஆஃப் அஸ்?"

இடத்தைக் கேட்டு வாங்குவது

சென்னையில் இடத்தை உறுதி செய்வது தனிக் கலை. அண்ணா நகரும் அண்ணா சாலையும் வேறு வேறு. அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்றும், ராஜீவ் காந்தி சாலையை ஓ.எம்.ஆர். என்றும், பெரியார் ஈ.வெ.ரா. சாலையைப் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றும்தான் பேச்சில் கேட்பீர்கள். கடிதத்தில் மற்றப் பெயர் இருக்கும். கதவிலக்கத்திலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. அதனால் "இஸ் தட் தி ஓல்ட் நம்பர் ஆர் தி நியூ நம்பர்?" என்ற கேள்வி வேறெந்த ஊர் ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் இங்கே அவசியம். அதோடு "இஸ் தேர் எ லேண்ட்மார்க் நியர்பை?" என்பதையும், எல்லாம் தோற்றால் "குட் யூ ஷேர் தி லொக்கேஷன் ஆன் வாட்ஸ்அப்?" என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கேட்பது

மின்னஞ்சலில் நேரம் கேட்பது பேசுவதைவிட எளிது. திருத்த அவகாசம் இருக்கிறது. நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் இவ்வளவு எழுதினால் போதும்:

"தேங்க் யூ ஃபார் தி இன்விடேஷன். ஐ ஆம் அவைலபிள் ஆன் வெட்னஸ்டே, 13 மே, எனி டைம் ஆஃப்டர் 2 பி.எம். இஃப் தட் டஸ் நாட் சூட் யூ, ஐ கேன் ஆல்சோ கம் ஆன் தர்ஸ்டே மார்னிங். ப்ளீஸ் லெட் மீ நோ விச் யூ ப்ரிஃபர்."

மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்கருக்கு மே ஆறு. பதில் தாருங்கள் என்ற பொருளில் 'கைண்ட்லி ரிவர்ட்' என்று முடிப்பது இங்கே அலுவலக வழக்கம். வெளிநாட்டவருக்கு அது விளங்காமல் போகலாம், 'ப்ளீஸ் லெட் மீ நோ' எல்லோருக்கும் விளங்கும். வேலை விளம்பரத்தில் 'வாக்-இன்' என்று இருந்தால் முன்கூட்டி நேரம் கேட்கவே வேண்டாம், சொன்ன நாளில் நேராகப் போகலாம்.

கடல் கடந்த சந்திப்புகள்

வெளிநாட்டாரிடம் நேரம் பேசும்போது தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி "இஸ் தட் யுவர் டைம் ஆர் மைன்?" என்பது. சென்னையில் இரவு ஒன்பது மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை பதினொன்றரை, குளிர்காலத்தில் காலை பத்தரை. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். பிரிட்டனில் அதே மாற்றம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று வருகிறது. இதனால் லண்டனுக்கும் நமக்கும் இடைவெளி கோடையில் நாலரை மணி நேரம், குளிரில் ஐந்தரை மணி நேரம். சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முழுவதும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மார்ச் மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் வாரந்தோறும் நடக்கும் கூட்டம் இருந்தால், "ஆர் வீ கீப்பிங் தி சேம் இந்தியா டைம்?" என்று கேட்டுவிடுங்கள். இந்திய நேரத்தைக் குறிக்க எழுதும் 'ஐ.எஸ்.டி.' என்ற சுருக்கம் அயர்லாந்து நேரத்தையும் இஸ்ரேல் நேரத்தையும்கூடக் குறிக்கும் என்பதால் 'இந்தியா டைம்' என்று விரித்துச் சொல்வதே தெளிவு.

வாயால் பேசாத அப்பாயின்ட்மென்ட்களும் உண்டு. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்று பாஸ்போர்ட் சேவா மையங்களுக்கும் இணையத்தில்தான் நேரம் எடுக்க வேண்டும். எந்த மையத்தைத் தேர்ந்தெடுத்தீர்களோ அங்குதான் போக வேண்டும். அமெரிக்க விசாவுக்குப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நேரங்கள் வரும்: புகைப்படத்துக்கும் கைரேகைக்கும் விண்ணப்ப மையத்தில் ஒன்று, நேர்காணலுக்கு ஜெமினி மேம்பாலத்தின் அருகிலுள்ள துணைத் தூதரகத்தில் இன்னொன்று. இரண்டு இடங்களையும் ஒன்றென்று எண்ணித் துணைத் தூதரக வாசலில் போய் நிற்பவர்கள் உண்டு. திரையில் 'ரீஷெட்யூல்' என்றால் நாள் மாற்றம், 'நோ ஷோ' என்றால் சொல்லாமல் வராமல் போனது.

மாற்றுவதும் ரத்து செய்வதும்

நேரத்தைத் தள்ளிவைக்க "குட் வீ போஸ்ட்போன் இட் டு ஃப்ரைடே?" என்று கேட்கலாம். முன்னால் கொண்டுவர நாம் சொல்லும் 'ப்ரீபோன்' இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் நல்ல சொல். அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெளிநாட்டவர் சிலருக்குப் பழக்கமில்லாததால் அவர்களிடம் "குட் வீ பிரிங் இட் ஃபார்வர்ட் டு டென்?" என்று சொல்லுங்கள். அமெரிக்கர் இதையே 'மூவ் இட் அப்' என்பார். 'புஷ் பேக்' என்றால் தாமதமாக்குவது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் புதிய நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பம் இராது.

தாமதமாகும்போது நம் ஊரில் 'வந்துட்டே இருக்கேன்' என்போம்; வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதும் அதையே சொல்வோம். 'ஐ ஆம் ஆன் மை வே' என்பதைக் கேட்பவர் நீங்கள் புறப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே எவ்வளவு நேரம் தாமதம் என்று எண்ணைச் சொல்லுங்கள்: "ஐ ஆம் ரன்னிங் அபவுட் ட்வென்ட்டி மினிட்ஸ் லேட். ஷல் ஐ ஸ்டில் கம், ஆர் ஷுட் வீ ரீஷெட்யூல்?" கத்திப்பாரா சந்திப்பின் நெரிசலில் நிற்பதாகச் சொல்லும் விளக்கம் உள்ளூர்க்காரருக்குப் புரியும், மற்றவருக்குத் தேவையில்லை.

ரத்து செய்வதென்றால் முந்தைய நாளே சொல்லிவிடுவது நாகரிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அன்றைக்குக் காலையில் சொன்னாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். "ஐ ஆம் சாரி, ஐ நீட் டு கேன்சல் மை அப்பாயின்ட்மென்ட் ஃபார் டுடே. தேர் இஸ் வாட்டர் லாகிங் ஆன் அவர் ரோடு." முன்பணம் கட்டியிருந்தால் "வில் தி ஃபீ பி ரீஃபண்டட், ஆர் கேன் ஐ யூஸ் இட் ஃபார் அனதர் டே?" என்று அதே அழைப்பிலேயே கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள்: "குட் யூ ப்ளீஸ் டெக்ஸ்ட் மீ தட்?"